விலை சொல்லாமல் கொடுத்த சரக்கு

— அந்தப் பையை என் மூக்குக்கு நேரா ஆட்டாதே, துஜா. நேத்து ராத்திரியிலேருந்து பச்சைத் தண்ணிகூட தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.

— உனக்குக் கொண்டுவந்தேன்னு யாரு சொன்னது? இது எனக்கு. ராடெஸ்லேருந்து ரயில் பிடிச்சு, அப்புறம் பஸ் பிடிச்சு, வெறும் வயித்தோட ஓடி வந்திருக்கேன். பொரிச்ச மீனு, கொஞ்சம் மிளகாய் விழுது.

— ஆபரேஷனுக்குப் போறவ முன்னாடி உக்காந்து பொரிச்ச மீனு தின்கிற ஓரகத்தியை அல்லாஹ் எனக்குன்னே தேடி எடுத்துக் கொடுத்திருக்கான்.

— போறவன்னா போகணும் அக்கா. "நான் போகலை, துணியைச் சுருட்டிட்டு வீட்டுக்குக் கிளம்புறேன்"னு காலங்கார்த்தால போன் பண்ணினது யாரு? ஆறு வருஷத்துல உன்கிட்டேயிருந்து வந்த முதல் போன் அது. யாரோ செத்துட்டாங்கன்னு சொல்லத்தான் கூப்பிடுறேன்னு நினைச்சேன்.

— பேரம் படியலைன்னா கடையை விட்டு இறங்கிடணும். அதுதான் நம்ம தொழில்ல மரியாதை.

— இது கடையில்லை, மன்னூபியா அக்கா. கட்டி. புற்றுக் கட்டி.

— கட்டிக்கும் பேரம் உண்டு. உக்காரு, சொல்றேன். கட்டில்ல உக்காராதே, விரிப்பெல்லாம் எண்ணெய் ஆயிடும். அந்த நாற்காலியை இழு.

— சொல்லு. சுருக்கமா சொல்லு. நீ ஒரு தாவணி விக்கிறதுக்கே அது நெய்த பட்டுப்பூச்சியோட வம்சத்திலேருந்து ஆரம்பிப்பே.

— டாக்டர் எம்னா தாள்ல படம் போட்டுக் காட்டினா. நமக்கு ஒண்ணுக்கு வர்ற குழாய் இருக்கே, சுண்டுவிரல் நீளம்கூட கிடையாதாம். ஆம்பளைக்குத்தான் ஊரைச் சுத்தி வர்ற பாதை. அந்தத் துளியூண்டு குழாயைத் தேடிப் பிடிச்சு நோய் வந்து உக்காந்திருக்கு. "ரொம்ப அபூர்வம் லல்லா, என் வாழ்க்கையிலேயே விரல் விட்டு எண்ணுற அளவுதான் பார்த்திருக்கேன்"னா. லல்லான்னு மரியாதையாத்தான் கூப்பிடுறா.

— அபூர்வமான சரக்கெல்லாம் மன்னூபியாகிட்டதான் போகும்னு நோய்க்கும் தெரிஞ்சிருக்கு.

— கேளு. கட்டி வாசல் பக்கமா இருக்காம். முதல்ல வாசலை மட்டும் வெட்டுவாங்க. வெட்டின ஓரத்தை, நான் அங்கேயே மயங்கிக் கிடக்கும்போதே, எடுத்துட்டுப் போய் பெரிசா காட்டுற கண்ணாடியில வெச்சுப் பார்ப்பாங்க. ஓரம் சுத்தமா இருந்தா தையலைப் போட்டு அனுப்பிடுவாங்க. ஓரத்துலயும் நோய் தெரிஞ்சா முழுக் குழாயும் போயிடும்.

— கம்பளியில பூச்சி விழுந்த மாதிரி. கத்தரிச்ச ஓரத்துல ஓட்டை தெரிஞ்சா இன்னும் உள்ளே கத்தரிக்கணும்.

— அதையேதான் நானும் அவகிட்ட சொன்னேன். "மருத்துவக் கல்லூரியில இவ்வளவு தெளிவா யாரும் சொல்லலை லல்லா"ன்னு சிரிச்சா. நல்ல பொண்ணு. கல்யாணம் ஆகலை. கையில ஒரு பையனை வெச்சிருக்கேன், அவளுக்குப் பார்க்கலாம்.

— முதல்ல உன்னைப் பார்ப்போம். வாசல் மட்டும் போனா எப்படிப் போவே?

— போகலாம், பிடிச்சு வெச்சுக்கவும் முடியும், ஆனா நேரா வராதாம். பூந்தொட்டிக்குத் தண்ணி தெளிக்கிற மாதிரி நாலா பக்கமும் போகுமாம்.

— அது இப்பவே அப்படித்தானே.

— யாரு சொன்னது உனக்கு?

— ஊரே சொல்லுது. பெனானி வீட்டுல கல்யாணத் துணி காட்டப் போனியாம். "கொஞ்சம் கழிப்பறைக்குப் போய்ட்டு வர்றேன்"னு போனவ, அவங்க காப்பி போட்டு, அது ஆறி, மறுபடி போடுற வரைக்கும் வெளிய வரலையாம். வீட்டுக்காரி பயந்துபோய் நகைப்பெட்டியை எண்ணிப் பார்த்தாளாம்.

— அந்த எருமை எண்ணிப் பார்த்தாளா? முப்பது வருஷமா அவ குடும்பத்து நகையை நான்தான் வித்துக் கொடுக்கிறேன். நான் உள்ள உக்காந்து கண்ணுல தண்ணி வர முக்கிட்டு இருந்தேன்டீ. சொட்டு... சொட்டு... அப்புறம் நின்னுடும். எழுந்து துணியைச் சரிபண்ணினா மறுபடியும் வர்றேன்னும். தாரை ரெண்டா பிரிஞ்சு ஒண்ணு அடுத்த வீட்டுக்குப் போகும். ஒரு வருஷம் அந்தக் கூத்து. இந்த ஊர்ல எந்த வீட்டுக் கழிப்பறையில ஓடு உடைஞ்சிருக்குன்னு என்னைக் கேளு.

— ஒரு வருஷமா வாயைத் திறக்கலை நீ.

— குளிர்ந்த தரையில உக்காந்ததால உள்ளே குளிர் ஏறியிருக்குன்னு நினைச்சேன். செங்கல்லைச் சூடு பண்ணி, துணியில சுத்தி, அதுமேல உக்காந்தேன். ஓமத்தண்டு ஆவி பிடிச்சேன். தெரு டாக்டர் எரிச்சலுக்கு மாத்திரை கொடுத்தான். தின்னேன். மறுபடி கொடுத்தான். மறுபடி தின்னேன். அந்த மருந்துக்கடைக்காரன் என் காசுல மாடி கட்டிட்டான்.

— அது போகட்டும். ரத்தம் வந்துச்சே, அப்பவாவது புத்தி வந்துச்சா?

— அதைப் பேசாதே.

— பேசாம எப்படி? ஐம்பத்தெட்டு வயசுல உள்ளாடையில ரத்தத்தைப் பார்த்துட்டு, "எனக்கு மாசவிலக்கு திரும்பி வந்துடுச்சு"ன்னு ஹம்மாம் குளியல்கூடம் பூரா தம்பட்டம் அடிச்சவதானே நீ. நடுவுல சுடுகல் மேல சாஞ்சுக்கிட்டு, இடுப்புல துண்டோட, மகாராணி மாதிரி. "சில பொம்பளைங்க உடம்பு முப்பதுலயே வத்திப்போகும், சில உடம்புக்கு மட்டும் வசந்தம் ரெண்டு தரம் வரும்"னே. என் பக்கம் திரும்பிப் பார்த்துச் சொன்னே.

— உன் பக்கம் நான் பார்க்கலை.

— எனக்கு நாற்பத்தஞ்சுலயே நின்னுடுச்சுன்னு உனக்குத் தெரியும். பார்த்தே.

— கொஞ்சம் பார்த்திருப்பேன்.

— தொழுகையையும் விட்டுட்டியாம்ல. விலக்கு நாள்ல தொழக்கூடாதுன்னு.

— சட்டம் அப்படித்தானே? மாசத்துல பாதி நாள் ரத்தம். பாதி நாள் தொழலை. இப்போ அது விலக்கே இல்லைன்னு ஆயிடுச்சு. விட்ட தொழுகையெல்லாம் திருப்பித் தொழணும். அதுக்காகவே இன்னும் ரொம்ப நாள் உயிரோட இருக்கணும்.

— அன்னிக்கு எனக்கு வயிறு எரிஞ்சுது பாரு, ஹம்மாம் அடுப்பு தோத்துப்போகும். நேரா மருத்துவச்சி ஜலீலா வீட்டுக்குப் போனேன். "ஏன் ஜலீலா, எட்டு வருஷம் நின்னுபோனது திரும்பி வருமா? என்ன மருந்து தின்னா வரும்? அவ என்னத்தைத் தின்கிறா?"ன்னு கேட்டேன். அவ முகம் மாறிடுச்சு. "மருந்துமில்லை, மண்ணுமில்லை. நாளைக்கே அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போறேன்"னா.

— ஆக, நீ பொறாமைப்படலைன்னா நான் இன்னமும் செங்கல் மேல உக்காந்திருப்பேன்.

— நான் கொஞ்சம் குறைவா பொறாமைப்பட்டிருந்தா உன் கதை முடிஞ்சிருக்கும். அதுக்கு நன்றி சொல்லு.

— சொல்றேன், சொல்றேன். மீனு முள்ளைத் தரையில போடாதே.

— சரி, விஷயத்துக்கு வா. முழுக் குழாயும் போயிட்டா?

— மூத்திரப்பையோட அடிவாயைத் தைச்சு மூடிடுவாங்க.

— அப்புறம் எது வழியா வரும்?

— தொப்புள் வழியா.

— எது வழியா?

— தொப்புள்டீ, தொப்புள். குடல்வால்னு ஒண்ணு வேலைவெட்டி இல்லாம உள்ளே தொங்குதாம், உன் மகன் மாதிரி. அதை எடுத்து, பைக்கும் தொப்புளுக்கும் நடுவுல ஒரு சந்து போட்டுடுவாங்க. தானா ஒழுகாது. நாலு மணிக்கொரு தரம் மெல்லிசா ஒரு ரப்பர் குழாயை அதுக்குள்ள விட்டா வடிஞ்சுடும். குழாயை எடுத்தா தீர்ந்துது வேலை. வெளியிலேருந்து பார்த்தா வெறும் தொப்புள்தான்.

— நின்னுக்கிட்டேவா?

— நின்னுக்கிட்டே.

— முட்டி மடக்காமலா? பாவாடையை முழுசா தூக்காமலா?

— ரெண்டு பொத்தானைக் கழட்டினா போதும்.

— சுப்ஹானல்லாஹ். எனக்கு மூட்டுவலியில குந்தி உக்காந்தா எழுந்திருக்க ரெண்டு ஆள் வேணும். இது எங்கே கிடைக்குதுன்னு சொல்லு, எனக்கும் ஒண்ணு போடச் சொல்றேன்.

— சிரி. உனக்குச் சிரிப்பா இருக்கு.

— உனக்கும் உதடு துடிக்குது, நான் பார்த்துட்டேன். தொழுகைக்கு முன்னாடி கைகால் கழுவுற ஒளு நிக்குமா? தொழலாமா? அதைக் கேட்டியா?

— இமாமைக் கேட்டேன். திரைக்குப் பின்னாலேருந்து, ஜாடையா. "தெரிஞ்ச ஒரு அம்மாவுக்கு"ன்னு. "வாசல் மாறினா என்ன, கழுவிட்டு ஒளு செஞ்சு தொழச் சொல்லுங்க, அந்த அம்மாவுக்கு என் சலாமும் சொல்லுங்க மன்னூபியா"ன்னார்.

— அப்போ எல்லாம் சரியாத்தானே இருக்கு. எதுக்கு மாட்டேங்கிறே?

— பாதியா முழுசான்னு நான் தூங்கும்போதுதானே முடிவாகும்? அதுக்கு முன்னாடியே, "நீ பார்த்து எங்கே வரைக்கும் போகணுமோ போ"ன்னு என் வாயால சொல்லணும். சொன்னாத்தான் அவ கத்தியை எடுப்பா. துஜா, விலை பேசாம ஒரு கைக்குட்டையையாவது நான் கைமாத்தினது உண்டா? பாப் ஸுவிகா தெருவுல யாரையாவது கேளு. "சரக்கைக் கொடு, எவ்வளவு எடுத்துக்குவேன்னு அப்புறம் சொல்றேன்"னு ஒருத்தன் சொன்னா, அவன் மூஞ்சியில கதவைச் சாத்துவேன். இவ சொல்றா, நான் தலையாட்டணுமா?

— அவ என்ன, கமிஷன் வெச்சு வெட்டுறாளா?

— வாசல் மட்டும்னு இன்னிக்கே முடிவு சொல்லட்டும். கையை அடிச்சுக் கொடுக்கிறேன். அவ அசைய மாட்டேங்கிறா. நான் எழுந்து கதவு வரைக்கும் நடந்தேன். எந்தக் கடைக்காரனும் அதுக்குள்ள திருப்பிக் கூப்பிட்டிருப்பான். இவ உக்காந்து எழுதிக்கிட்டே இருக்கா.

— அக்கா, என்னைப் பாரு. நிஜத்தைச் சொல்லு. என்ன பயம்?

— பயமில்லை.

— மன்னூபியா அக்கா.

— ...வீடு வீடா போறவ நான். பொண்ணோட அம்மா வெள்ளைப் பட்டுத் துணியை மடியில விரிச்சு, முகத்துக்குக் கிட்ட கொண்டுபோய்ப் பார்ப்பா. பக்கத்துல நான் உக்காந்திருப்பேன். ஒருநாள், ஒரே ஒருநாள் மூத்திர வாடை அடிச்சா போதும். என்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. காப்பி கொடுப்பாங்க. அப்புறம் கதவைத் திறக்க மாட்டாங்க. என் புருஷன் ஷதுலி போனப்பகூட மூணாம் நாளே கதவு தட்டக் கிளம்பினவ நான். அது இல்லைன்னா காலையில எழுந்து எதுக்கு முகம் கழுவணும்னே எனக்குத் தெரியாது.

— ஒழுகாதுன்னுதானே சொன்னா.

— சொன்னா. ஆரம்பத்துல ஒழுகலாம், குழாய் விடப் பழகணும், நேரம் தவறக்கூடாது, தவறினா பை நிரம்பி ஆபத்துன்னும் சொன்னா. பெனானி வீட்டுல பேரம் சூடுபிடிக்கும்போது யாரு எனக்கு நேரம் சொல்லுவா? நான் உள்ளே போனா சரக்குப் பையை யாரு பார்த்துக்குவா?

— இரு. இப்போ நான் பேசுறேன், நீ வாயை மூடிக்கிட்டுக் கேளு. காதிமா கிழவி சாகக் கிடந்தப்ப தன் தங்க ஒட்டியாணத்தை யாருகிட்ட கொடுத்தா?

— என்கிட்ட.

— விலை சொன்னாளா?

— இல்லை. "உன் கைதான், மன்னூபியா. எவ்வளவுக்குப் போகுதோ போகட்டும்"னா.

— ஏன் அப்படிச் சொன்னா? அவ முட்டாளா?

— அவளால எழுந்து சந்தைக்கு வர முடியாது. சந்தையில அன்னிக்கு என்ன விலைன்னு அங்கே நிக்கிறவளுக்குத்தான் தெரியும்.

— அவ்வளவுதான். அமானிதம், நம்பி ஒப்படைக்கிறது. படுத்திருக்கிறவளுக்குச் சந்தை தெரியாது. நின்னு பார்க்கிறவ முடிவு பண்ணுவா. இந்த ஊர்ல பாதிப் பொம்பளைங்க தங்கம் உன் கை வழியா விலை சொல்லாமத்தான் போயிருக்கு. நீ வாங்கும்போது இனிச்சுது, கொடுக்கும்போது கசக்குதா? இன்னிக்கு நீதான் படுத்திருப்பே. அங்கே நிக்கிறது டாக்டர் பொண்ணு. ஓரத்தைப் பார்க்கப்போறது அவ.

— ...நல்லாத்தான் பேசுறே. ஆறு வருஷத்துல உன் வியாபாரம் முன்னேறியிருக்கு.

— ஆக, சரியா?

— சரின்னு யாரு சொன்னது? யோசிக்கிறேன். உடம்பை அவ பார்த்துக்குவா. அதுக்கு அப்புறம்? வீட்டுக்கு வந்து நான் ஒண்டியா தொப்புள்ல குழாயை வெச்சுக்கிட்டு யாருகிட்ட கேட்பேன்?

— ஜலீலா வருவா.

— ஜலீலா ஊருக்கெல்லாம் பிள்ளை பார்க்கணும்.

— சரி, நான் வந்து இருக்கேன். ஒரு வாரம்.

— ஒரு வாரத்துல கண்ணாடியில தொப்புளைத் தேடவே பழக மாட்டேன். எத்தனை பெரிய வயிறுன்னு பார்க்கிறியே.

— நாற்பது நாள். பிள்ளை பெத்தவளுக்குக்கூட நாற்பதுதான்.

— பிள்ளை பெத்தவளுக்கு நாற்பதாம் நாள் முடிஞ்சுடும். எனக்கு அன்னிக்குத்தானே ஆரம்பம். என் மாடியில ரெண்டு அறை பூட்டிக் கிடக்கு. வெயில் வரும். தனி அடுப்பு. விடு, உனக்கு எங்கே முடியும். உன் மருமக ஸிஹெம் உன்னை விட மாட்டா.

— ஸிஹெம்மா? நான் உப்பு எடுத்தா டப்பாவைத் தூக்கிப் பார்க்கிறவ அவ. என் ஜமக்காளத்தை நாயோட கூண்டுல விரிச்சிருக்கா. என் மகன் பார்த்தும் பார்க்காத மாதிரி போறான். அவ விட மாட்டாளாம். தாம்பாளத்துல வெச்சு அனுப்புவா.

— அது உங்க குடும்ப விஷயம், நான் தலையிட மாட்டேன். ஆனா நீ யாரு வீட்டிலயும் அண்டி இருக்கிறவ இல்லைன்னு எனக்குத் தெரியும். ஷதுலி செத்தப்ப "மாடிக்கு வா"ன்னேன். "பிச்சையா போடுறே"ன்னே.

— அப்போ பிச்சை. இப்போ நீதானே என்னைக் கெஞ்சுறே.

— கெஞ்சுறேனா? சரி, கெஞ்சுறேன்னே வெச்சுக்கோ.

— அப்படின்னா வர்றேன். ஆனா சும்மா இல்லை. கடலோரத்து வீடுங்க, லா மார்ஸா, கார்தாஜ், எல்லாத்துக்கும் ரெண்டு பேரும் சேர்ந்து போவோம். பாதி பாதி. நீ பேசு, நான் பையைப் பிடிச்சுக்கிறேன், நேரம் ஆச்சுன்னா உன் காலை மிதிக்கிறேன். நீ எழுந்து போய் வடிச்சுட்டு வா. அந்த நேரத்துல விலையை நான் ஏத்தி வெக்கிறேன்.

— மூணுல ஒரு பங்கு.

— பாதி. இல்லைன்னா மீனை மடிச்சுட்டுக் கிளம்புறேன்.

— உக்காரு. பாதி. என் நோயாளி நிலைமையைப் பார்த்துச் சுரண்டுறே. ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். ராடெஸ் கல்யாணத்துல நான் வெளிச்சத்துல தூக்கிக் காட்டி மெஷின் தையல்னு சொன்ன அந்தக் கஃப்தான் அங்கி, கையால போட்ட பூத்தையலா, மெஷினா?

— மறுபடியும் அதுவா? கை. என் கையால. ஆறு வருஷமா சொல்றேன்.

— அப்போ நான் பொய் சொன்னவளா சாகணும். சரி. டாக்டரை வரச் சொல்லு, வீட்டுக்குப் போறேன்னு சொல்லிடறேன்.

— இரு, இரு. என் சாமானை எல்லாம் மாடிக்கு யாரு ஏத்துவா? பெட்டி, மெத்தை, அந்த மெஷின் வேற இரும்புக் கனம்...

— எந்த மெஷின்?

— ...ஓரம் அடிக்கிற மெஷின்.

— பூவும் போடுமா?

— கொஞ்சமா போடும். வசந்தம் ரெண்டு தரம் வர்ற உடம்பு எனக்கு இல்லை அக்கா, கண்ணு தெரியலை. அன்னிக்கு எல்லார் முன்னாலயும் தூக்கிக் காட்டாம, தனியா கூப்பிட்டுக் கேட்டிருந்தா உன்கிட்ட சொல்லியிருப்பேன்.

— தனியாத்தான் கேட்டிருக்கணும். அது என் தப்பு. கூப்பிட்டிருக்கணும்.

— ஆமா, கூப்பிட்டிருக்கணும்.

— ...மீனு வாசனை நல்லாத்தான் இருக்கு.

— ஆபரேஷன் முடிஞ்சு வா. பெரிய மீனா வாங்கிப் பொரிக்கிறேன், உன் மாடி அடுப்புல.

— நம்ம மாடி அடுப்பு.

— நம்ம மாடி அடுப்பு. இப்போ சொல்லு, என் கண்ணைப் பார்த்துச் சொல்லு. டாக்டர் வந்தா என்ன சொல்லப்போறே?

— "எங்கே வரைக்கும் வேணுமோ போ, மகளே"ன்னு.

— தொப்புள் வரைக்கும்?

— தொப்புள் வரைக்கும்.

— அல்ஹம்துலில்லாஹ். வாங்க டாக்டர், வாங்க, நல்ல நேரத்துல வந்தீங்க. நான் துஜா, இவங்க ஓரகத்தி. தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு. ஒட்டகத்தைக்கூட ஊசிக் காதுல நுழைச்சிடலாம், இவளைச் சம்மதிக்க வெக்கிறது அதைவிடக் கஷ்டம். ஆனா முடிச்சுட்டேன். பாதியோ முழுசோ, உங்க இஷ்டம், நீங்க ஆரம்பிக்கலாம்.

— நீங்க எதை முடிச்சீங்கம்மா? லல்லா மன்னூபியா நேத்து மத்தியானமே "எவ்வளவு வேணும்னாலும் வெட்டிக்கோ"ன்னு சொல்லியாச்சே. இன்னிக்குக் காலையில என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "என் ஓரகத்தி வருவா, அவ என் வீட்டுக்கு வர்றேன்னு தன் வாயால சொல்ற வரைக்கும் ஆபரேஷனுக்கு ஏத்திட்டுப் போற தள்ளுவண்டியை உள்ளே அனுப்பாதே."